ரோமானியர்கள் உண்மையில் எதைக் கண்டுபிடித்தார்கள்?

கேள்வி கேட்டவர் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்: ஆர்ச், கல் பாவிய சாலை, ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய், பாதாளச் சாக்கடை, கான்கிரீட், ஜன்னல் கண்ணாடி, தரையைச் சூடாக்கும் முறை, புத்தகம், செய்தித்தாள், நாட்காட்டி, கடைசியாக சிசேரியன். "இதெல்லாம் ரோமானியர் கண்டுபிடித்தது என்று ஒரு பக்கம் எழுதுகிறார்கள், எல்லாமே கிரேக்கர்களிடம் சுட்டது என்று இன்னொரு பக்கம் எழுதுகிறார்கள், எதை நம்புவது?" என்பது கேள்வி. அவர் உண்மையில் கேட்பது, ரோமானியர்களுக்கு முன்னால் உலகத்தில் இல்லாமல் இருந்து, அவர்கள் கையில் முதன்முதலாக உருவானது என்று ஆதாரத்தோடு சொல்லக்கூடியது எது என்பதைத்தான். அப்படிக் கேட்டால் பட்டியல் நன்றாகச் சுருங்கும். ஆனால் காலியாகாது.

நான் சிவில் இன்ஜினியர். கல்லூரியில் கட்டுமானப் பொருட்கள் பாடம் பல வருடம் நடத்தியவன். அதனால் சுண்ணாம்பு, கல், தண்ணீர் சம்பந்தப்பட்ட பகுதியைத் தைரியமாகச் சொல்வேன். புத்தகம், நாட்காட்டி போன்றவற்றில் அந்தந்தத் துறை ஆய்வாளர்கள் எழுதியதைப் படித்துத்தான் சொல்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. பழங்காலத்தில் "முதலில் செய்தவர்" என்று நாம் சொல்வது பெரும்பாலும் "இதுவரை கிடைத்ததில் பழையது" என்று மட்டுமே அர்த்தம். கல்லும் சுடுமண்ணும் நிற்கும், மரமும் தோலும் மக்கிவிடும். எழுதி வைத்தவனுக்குப் பெயர் கிடைக்கும், செய்தவனுக்குக் கிடைக்காது. இன்னொன்று, "ரோமானியர்" என்றால் யார்? ரோம் நகரத்துக்காரரா, பிரிட்டனிலிருந்து சிரியா வரை பரந்த பேரரசின் குடிமக்கள் எல்லோருமா? டானூப் நதியின் மேல் டிராஜன் பேரரசருக்காக ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான பாலத்தைக் கட்டிய அப்பொல்லோடோரஸ் டமாஸ்கஸ்காரர். அந்தப் பாலம் ரோமானியருடையதா, சிரியருடையதா? இந்தச் சிக்கல் கீழே திரும்பத் திரும்ப வரும்.

சுலபமாக அடிக்கக்கூடியவற்றை முதலில் அடித்துவிடலாம். ஆர்ச் ரோமானியருடையது இல்லை. மெசபடோமியாவிலும் எகிப்திலும் பச்சைச் செங்கல்லில் வளைகூரை போட்டிருக்கிறார்கள். எகிப்தில் இரண்டாம் ராம்சேஸின் நினைவுக் கோயிலை ஒட்டிய கிடங்குகளின் வளைகூரைகள் கி.மு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, சில இன்னும் நிற்கின்றன. கால்வாயும் அப்படித்தான். அசீரிய அரசன் சென்னாகெரிப் கி.மு. 700ஐ ஒட்டிய வருடங்களில் நினிவே நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவர ஜெர்வான் என்ற இடத்தில் கல்லில் ஒரு தொட்டிப்பாலமே கட்டிவிட்டான். கிரேக்கத் தீவான சாமோஸில் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் மலையை இரண்டு பக்கமிருந்தும் குடைந்து நடுவில் சந்திக்க வைத்து, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று கூடுதலாகத் தண்ணீர்ச் சுரங்கம் போட்டிருக்கிறார்கள். ரோமின் முதல் கால்வாய் கி.மு. 312ல்தான் வந்தது. அதைத் தொடங்கிய அப்பியஸ் கிளாடியஸ் என்ற அதிகாரி அதே வருடம் தொடங்கியதுதான் புகழ்பெற்ற அப்பியன் சாலையும். ஆனால் நெடுஞ்சாலை என்ற யோசனை பாரசீகர்களிடம் அதற்கு முன்பே இருந்தது. சாக்கடைக்குச் சிந்துவெளியைப் பார்த்தால் போதும்.

இங்கே ரோமானியர்களின் பங்கு அளவும் விடாமுயற்சியும்தான். தெற்கு பிரான்ஸில் நீம் நகரத்துக்குச் சுமார் 50 கிலோமீட்டர் தூரம் தண்ணீர் வெறும் வாட்டத்திலேயே ஓடியது. வழியில் ஒரு ஆற்றைத் தாண்ட 49 மீட்டர் உயரத்துக்கு மூன்று அடுக்குப் பாலம் கட்டினார்கள். முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமின் தண்ணீர் விநியோகத்துக்குப் பொறுப்பாக இருந்த ஃப்ரான்டினஸ் என்ற அதிகாரி, இந்தக் கால்வாய்களோடு சும்மா நிற்கும் பிரமிடுகளையோ, புகழ் மட்டும் உள்ள கிரேக்கர்களின் பயனற்ற கட்டடங்களையோ ஒப்பிட முடியுமா என்று எழுதி வைத்திருக்கிறார். கர்வம்தான், ஆனால் அவர் "நாங்கள்தான் முதலில் கண்டுபிடித்தோம்" என்று சொல்லவில்லை, கவனியுங்கள். "எங்களுடையது உபயோகமானது" என்கிறார்.

சரி, கான்கிரீட்டுக்கு வருவோம். ரோமானியர்களுக்காக ஒரே ஒரு விஷயத்தில் நான் வாதாட வேண்டுமென்றால் இதில்தான் வாதாடுவேன். சுண்ணாம்பைச் சுட்டு, நீற்றி, மணலோடு சேர்த்துச் சாந்தாக்கும் வித்தை ரோமுக்குப் பல ஆயிரம் வருடம் மூத்தது. எரிமலை மண்ணைச் சுண்ணாம்போடு சேர்த்தால் தண்ணீர்த் தொட்டிக்கு ஒழுகாத பூச்சு கிடைக்கும் என்பதும் கிரேக்கர்களுக்குத் தெரிந்திருந்தது. சாண்டோரினித் தீவு மண்ணை அதற்குப் பயன்படுத்தினார்கள். ஆகவே மூலப்பொருள் ரோமானியருடையது இல்லை. அவர்கள் செய்தது வேறு. கி.மு. 2ஆம் நூற்றாண்டு வாக்கில் இத்தாலியில், சாந்து என்பது கல்லையும் கல்லையும் ஒட்டும் பசை என்ற நிலையிலிருந்து, சாந்தும் உடைகல்லும் சேர்ந்ததே சுவர், அதுவே கூரை என்ற நிலைக்கு வந்துவிட்டது. செதுக்கிய கல்லும் கைதேர்ந்த கொத்தனும் வேண்டாம். சென்ட்ரிங் அடித்து, கைப்பிடி அளவுக் கற்களை அடுக்கி, கெட்டியான சாந்தைக் கொட்டிக் குத்தி, இறுக விட்டால் எந்த வடிவமும் வரும். பூச்சு கட்டமைப்பாக மாறிய இந்த மாற்றத்துக்கு ரோமுக்கு முந்திய, இதே அளவிலான உதாரணம் எனக்குத் தெரிந்து எங்கும் இல்லை.

வேதியியலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெறும் சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும். தடித்த சுவரின் உள்ளே காற்று போகாது, தண்ணீருக்கு அடியில் சுத்தமாகப் போகாது. நேப்பிள்ஸ் வளைகுடாவில் பொட்சுவோலியைச் சுற்றிக் கிடைக்கும் எரிமலைச் சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும் எளிதில் வினைபுரியும் நிலையில் இருக்கின்றன. சுண்ணாம்போடும் தண்ணீரோடும் அவை சேர்ந்தால் காற்றே இல்லாமல் கல்லாகும். கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய விட்ருவியஸ் என்ற கட்டடக் கலைஞர், கடலுக்குள் போடும் கலவைக்கு இரண்டு பங்கு இந்தப் பொடி, ஒரு பங்கு சுண்ணாம்பு என்று அளவே கொடுத்திருக்கிறார். கி.மு. 22 வாக்கில் தொடங்கி இன்றைய இஸ்ரேல் கடற்கரையில் சிசேரியா துறைமுகத்தைக் கட்டியபோது, ஏரோது மன்னனுக்காக இந்தச் சாம்பலை இத்தாலியிலிருந்து கப்பலில் ஏற்றி மத்தியதரைக் கடலின் மறுகோடிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கடலடியில் துளைத்து எடுத்த மாதிரிகளில் இது உறுதியாகியிருக்கிறது.

இதன் உச்சம் ரோமின் பாந்தியன் கோயில். ஹாட்ரியன் பேரரசர் காலத்தில், கி.பி. 120களில் முடிந்தது. குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர். கம்பி இல்லாத கான்கிரீட் குவிமாடங்களில் உலகத்திலேயே பெரியது இன்றைக்கும் அதுதான். அடியில் 6 மீட்டருக்கு மேல் தடிமன், உச்சியில் திறப்பை ஒட்டி 1.2 மீட்டர்தான். மேலே போகப் போக ஜல்லியையும் மாற்றியிருக்கிறார்கள். அஸ்திவாரத்தில் கனமான சுண்ணாம்புக்கல், நடுவில் உடைந்த செங்கல்லும் எரிமலைக் கல்லும், உச்சியில் தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல். எடை எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கக் கூடாது என்று தெரிந்து செய்த வேலை. குவிமாடம் அந்தக் காலத்துக்கு முன்பே இருந்த வடிவம்தான், ஆனால் இந்த அளவில், இந்தப் பொருளில், உள்ளே ஒரு தூணும் இல்லாமல் ஒரு பெரிய கூடத்தை மூடுவது ரோமானியருடையதே.

இங்கேயே இன்னொரு கதையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் அதுதான் அதிகம் சுற்றுகிறது: "ரோமானியர் கான்கிரீட்டின் ரகசியம் தொலைந்துவிட்டது, இன்றைய சிமென்ட்டை விட அது பல மடங்கு பலம்." பலம் என்று அழுத்தி உடைத்துப் பார்த்தால் நம் சாதாரண கான்கிரீட்டே ஜெயிக்கும். அவர்களுடையது நீடித்ததற்கு முக்கியக் காரணம் உள்ளே துருப்பிடிக்கக் கம்பி இல்லை என்பது. இரண்டாவது, இடிந்து போன ஆயிரக்கணக்கான ரோமானியக் கட்டடங்களை நாம் பார்ப்பதில்லை, நின்றதை மட்டும்தான் பார்க்கிறோம். பாந்தியனிலேயே அடியிலிருந்து மேல்நோக்கி விரிசல்கள் உண்டு. ஆனாலும் கதையில் கொஞ்சம் சாரம் இருக்கிறது. 2023ல் வெளியான ஓர் ஆய்வு, பிரிவெர்னும் என்ற பழைய ஊரின் மதில்சுவர் மாதிரிகளை வைத்து, நீற்றாத சுண்ணாம்பைச் சூடாகவே கலந்திருக்க வேண்டும், அதனால் உள்ளே தங்கிய வெள்ளைச் சுண்ணாம்புத் துணுக்குகள் பின்னால் தண்ணீர் புகும்போது கரைந்து சின்ன விரிசல்களை அடைக்கின்றன என்று காட்டியது. சோதனைச் சாலையில் அரை மில்லிமீட்டர் விரிசல் அப்படி மூடியது. இதை எல்லா ரோமானியக் கட்டடத்துக்கும் பொருத்துவது அவசரம். மற்றபடி எரிமலைச் சாம்பல் செய்த வேலையை இன்று அனல்மின் நிலையச் சாம்பல் செய்கிறது. முல்லைப் பெரியாறு அணையில் சுண்ணாம்போடு சேர்த்த சுர்க்கி என்ற செங்கல் பொடியும் அதே வேதியியல்தான். ரோமானியரும் எரிமலை மண் கிடைக்காத இடத்தில் ஓடு, செங்கல் பொடியைத்தான் போட்டார்கள். தொலைந்துபோன மந்திரம் ஒன்றும் இல்லை.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றையும் என் துறை என்பதால் சேர்க்கிறேன்: வளைவு அணை. நேராக நின்று தன் எடையால் தண்ணீரைத் தடுக்கும் அணை மிகப் பழையது. ஆர்ச்சைப் படுக்க வைத்த மாதிரி வளைந்து, தண்ணீரின் அழுத்தத்தை இரு பக்க மலைக்குக் கடத்தும் அணையில் நமக்குத் தெரிந்த மிகப் பழையது பிரான்ஸின் கிளானும் ஊருக்குப் பக்கத்தில் கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியர் கட்டியது என்பார்கள். 1891ல் அதே இடத்தில் புது அணை கட்டிப் பழைய எச்சங்களை இழந்துவிட்டார்கள். அதனால் பழைய வரைபடங்களையும் குறிப்புகளையும் நம்பித்தான் பேச வேண்டியிருக்கிறது. "பெரும்பாலும் ஆம்" என்ற வரிசையில் வையுங்கள்.

கண்ணாடியில் இரண்டு விஷயங்களைக் குழப்பக் கூடாது. குழலில் ஊதிக் கண்ணாடிப் பாத்திரம் செய்யும் முறைக்கு மிகப் பழைய தடயம் ஜெருசலேமில் கிடைத்தது, கி.மு. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி. பாம்பே என்ற ரோமானியத் தளபதி அந்த ஊரைப் பிடித்தது கி.மு. 63ல். ஊதியவர்கள் சிரிய, பாலஸ்தீனப் பகுதிக் கைவினைஞர்கள். அவர்கள் சரக்குக்குச் சந்தையைத் திறந்துவிட்டது ரோம். அதுவரை சீமான் வீட்டுப் பொருளாக இருந்த கண்ணாடிக் குவளை சில தலைமுறைகளில் சாதாரணக் கடையில் கிடைத்தது. கண்ணாடி அந்தக் கப்பல்களில் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு: முசிறியில் இறக்கிய சரக்குகளில் வேலைப்படாத கண்ணாடிக் கட்டியும் ஒன்று என்று செங்கடல் வணிகர்களுக்கான முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கையேடு சொல்கிறது. ஜன்னல் கண்ணாடி வேறு. தட்டையான பலகையாக வார்த்து, கட்டடத் திறப்பில் பொருத்தி, குளிரை வெளியே நிறுத்தி வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுவது கி.பி. முதல் நூற்றாண்டில் இத்தாலியில்தான் தொடங்குகிறது. 79ல் எரிமலையில் புதைந்த பாம்பெய், ஹெர்குலேனியம் இரண்டிலும் கிடைத்திருக்கிறது. இதை ரோமானியர் கணக்கில் எழுதலாம்.

இதில் எனக்குப் பிடித்த சாட்சி தத்துவவாதி செனக்கா. 60களில் எழுதிய ஒரு கடிதத்தில், "நம் நினைவு தெரிந்து வந்தவை" என்று சில சாமான்களைச் சொல்கிறார்: வெளிச்சத்தை விடும் மெல்லிய ஜன்னல் தகடுகள், தூக்கிய தரையுள்ள குளியலறைகள், சூடு பரவச் சுவருக்குள் புதைத்த குழாய்கள். அவர் புகழவில்லை, இதெல்லாம் கடைநிலை அடிமைகளின் கண்டுபிடிப்பு, ஞானிக்கு இதில் என்ன வேலை என்று முகம் சுளிக்கிறார். சுளித்தபடியே நமக்கு ஒரு தேதியைக் கொடுத்துவிட்டார். யார் கண்டுபிடித்தார்கள் என்பதற்கும் ஒரு துப்பு கொடுத்துவிட்டார், பெயரைத் தவிர. இதில் தரைக்கு அடியில் சூடேற்றும் முறையை மட்டும் நான் தள்ளி வைப்பேன். பேயே ஊரில் சிப்பி வளர்த்துப் பணம் பண்ணிய செர்ஜியஸ் ஒராட்டா என்ற வியாபாரி, கி.மு. 90க்குச் சற்று முன் "தொங்கும் குளியலறைகளை" (தூக்கிய தரையுள்ளவை என்று பொதுவாகப் பொருள் கொள்கிறார்கள்) கண்டுபிடித்தார் என்று முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். ஆனால் கிரேக்கக் குளியல் கூடங்களில் தரைக்கு அடியில் சூடான காற்று போகும் வழிகள் அதற்கு முன்பே உண்டு, கிரீஸின் கோர்ட்டிஸ் ஒரு உதாரணம். சுவரையும் சேர்த்துச் சூடாக்கியது மட்டும் ரோமானியருடையது என்று சொல்லலாம்.

புத்தகம் என்பதை, ஏடுகளை ஒரு ஓரத்தில் சேர்த்துக் கட்டி, இரண்டு பக்கமும் எழுதிப் புரட்டும் வடிவம் என்று எடுத்துக்கொண்டால், ரோமானியருக்கு நல்ல உரிமை உண்டு. மெழுகு பூசிய மரப்பலகைகளைக் கீல் வைத்து இணைப்பது மிகப் பழைய வழக்கம். துருக்கிக் கடலில் மூழ்கிய கி.மு. 14ஆம் நூற்றாண்டுக் கப்பலில் அப்படி ஒன்று கிடைத்தது. ரோமானியர் அந்தப் பலகைகளுக்குப் பதில் தோல் ஏடுகளைக் கட்டிக் கணக்கும் குறிப்பும் எழுதத் தொடங்கினார்கள். பிறகு கி.பி. 80களில் மார்ஷல் என்ற கவிஞர், என் கவிதைகளைப் பயணத்தில் எடுத்துப்போக விரும்பினால் தோல் பக்கங்களில் சுருக்கிய இந்தப் பிரதியை வாங்குங்கள், ஒரு கையில் அடங்கும் என்று கவிதையிலேயே விளம்பரம் செய்து, விற்கும் கடைக்காரர் பெயரையும் இடத்தையும் சொல்கிறார். இலக்கியத்தைப் பக்கம் புரட்டும் புத்தகமாக விற்றதற்கு இதுவே முதல் சாட்சி. அப்போது எடுபடவில்லை போலிருக்கிறது, சுருள்தான் இன்னும் இரண்டு நூற்றாண்டு ஆண்டது. கிறிஸ்தவர்கள் ஆரம்பத்திலிருந்தே இந்த வடிவத்தை விரும்பினார்கள், 4ஆம் நூற்றாண்டில் சுருள் பின்தங்கிவிட்டது. நம் ஓலைச்சுவடியும் ஏடுகள் சேர்ந்ததுதானே என்று கேட்கலாம். அது துளையில் கயிறு கோத்த கட்டு, ஓரத்தில் தைத்த புத்தகம் இல்லை. இரண்டும் தனித்தனி வழிகள்.

நாட்காட்டியில் ஜூலியஸ் சீசருக்கு அதிகாரம் சேரும், அறிவு சேராது. கி.மு. 45ல் அமலான ஆண்டுக்கணக்குக்கு ஆலோசனை சொன்னவர் அலெக்சாண்டிரியாவின் சோசிஜெனிஸ். நான்கு வருடத்துக்கு ஒரு நாள் கூட்டுவது எகிப்தில் கி.மு. 238லேயே அரசாணையாக வந்து, யாரும் பின்பற்றாமல் போனது. சீசர் அதை நடக்க வைத்தார். பழைய குளறுபடியைச் சரிக்கட்ட அதற்கு முந்தின வருடத்தை 445 நாளாக இழுத்தார்கள். அவர் இறந்ததும் புரோகிதர்கள் மூன்று வருடத்துக்கு ஒரு முறை நாள் கூட்டிக்கொண்டிருந்தார்கள், அகஸ்டஸ் பேரரசர் வந்து திருத்த வேண்டியிருந்தது. செய்தித்தாள் என்று சொல்லப்படுவது கி.மு. 59ல் சீசர் தொடங்கிய தினசரி அறிவிப்புகள். நகரில் எழுதி வைப்பார்கள், வேண்டியவர் நகல் எடுத்துக்கொள்வார். ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அரசு கெஜட் என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன்.

மேலே சொன்ன "யார் ரோமானியர்" சிக்கலுக்கு நல்ல உதாரணம் இன்றைய துருக்கியின் ஹியராபோலிஸில் இருக்கிறது. 3ஆம் நூற்றாண்டுக் கல்லறைப் பெட்டி ஒன்றில், நீர்ச்சக்கரம் சுழன்று இரண்டு ரம்பங்களை முன்னும் பின்னும் இழுத்துக் கல் அறுக்கும் சிற்பம். சுழற்சியைக் கிராங்க், கனெக்டிங் ராட் மூலம் நேர்கோட்டு அசைவாக மாற்றியதற்கு இதுவே இதுவரை தெரிந்த மிகப் பழைய சான்று. உங்கள் காரின் இன்ஜினில் நடப்பது இதன் தலைகீழ். பெட்டியின் சொந்தக்காரர் பெயர் ரோமானியப் பெயர், கல்வெட்டு கிரேக்க மொழியில், ஊர் ஆசியாவில். நான் இதை "பேரரசின் கண்டுபிடிப்பு" என்று எழுதுவேன், ரோமின் கண்டுபிடிப்பு என்று எழுத மாட்டேன். மரப்பீப்பாயும் சோப்பும் இதே மாதிரி ரோமானியர் தலையில் ஏற்றப்படுபவை. சோப்பு கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டவருடையது என்று பிளினியே சொல்லிவிட்டார்.

ரோமானியர்களே எதைத் தங்கள் சொந்தம் என்று நினைத்தார்கள் தெரியுமா? அங்கத இலக்கியத்தை. நாடகம், காவியம், பேச்சுக்கலை எல்லாவற்றிலும் கிரேக்கர்களைக் குருவாக ஏற்ற குவிண்டிலியன் என்ற ஆசிரியர், கேலிக் கவிதையை மட்டும் முழுக்க எங்களுடையது என்கிறார். பொறியியலைப் பற்றி அப்படிப் பெருமையடித்ததாக நான் படித்ததில்லை.

கடைசியாக சிசேரியன். ஜூலியஸ் சீசர் இப்படித்தான் பிறந்தார், அதனால்தான் இந்தப் பெயர் என்பது கதை. அதை அடித்துவிடுங்கள். இறந்த தாயின் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கும் வழக்கம் ரோமில் இருந்தது, ஆனால் அந்தக் காலத்தில் அதைச் செய்து தாய் பிழைப்பது நடக்காத காரியம். சீசரின் தாய் அவுரேலியாவோ, மகன் வளர்ந்து பெரிய தளபதியாகும்வரை உயிரோடு இருந்தார். கி.மு. 54ல்தான் இறந்தார், அப்போது மகனுக்கு வயது 45ஐத் தாண்டியிருந்தது.